உருகிய இரும்பில் கந்தகத்தின் வினைத்திறனைக் கணக்கிடுவது எப்படி?

கோத்தகிரியில் மாலை வேளைகளில் என்னிடம் பாடம் கேட்க வரும் உலோகவியல் மாணவர்களில் பெரும்பாலோர் ஓர் உருக்கு உலையை நேரில் கண்டதில்லை. ஆனால் கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை மலை ரயில் பற்றி ஏறும் பற்சட்டங்களைச் சிறுவயது முதலே பார்த்து வளர்ந்தவர்கள். உருக்கில் கந்தகம் மிகுந்து, அதைக் கட்டிவைக்கப் போதிய மாங்கனீசும் இல்லாவிட்டால், சூட்டில் உருட்டும்போதே அது விரிசல் விடும். ஆகவே கந்தகத்திலிருந்தே தொடங்குவோம்.

முதலில் பகுப்பாய்வு அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். தாதுவிலிருந்து இரும்பை உருக்கிப் பிரிக்கும் ஊதுலையிலிருந்து வரும் இரும்பில் கார்பன் 4.5, சிலிக்கான் 0.6, மாங்கனீசு 0.3, கந்தகம் 0.05 விழுக்காடு எனக் கொள்வோம். அந்த 0.05 என்பது கந்தகம் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். உருகிய இரும்பின்மேல் மிதக்கும் கழிவான கசடுக்குள் செல்ல அது எவ்வளவு முனைகிறது என்பதைச் சொல்லாது. அந்த முனைப்பையே வினைத்திறன் என்கிறோம். விழுக்காட்டை ஒரு கெழுவால் பெருக்கினால் அது கிடைக்கும்.

அக்கெழுவின் (10 அடிமான) மடக்கையைக் காண, ஒவ்வொரு தனிமத்தின் விழுக்காட்டையும் கந்தகத்தின்மீது அதற்குள்ள இடைவினைக் கெழுவால் (அத்தனிமம் கந்தகத்தின் முனைப்பை எவ்வளவு மாற்றுகிறது என்னும் எண்ணால்) பெருக்கிக் கூட்ட வேண்டும். 1600 பாகை செல்சியசில் இந்த மதிப்புகள் கார்பனுக்கு 0.11, சிலிக்கானுக்கு 0.063, மாங்கனீசுக்கு −0.026, கந்தகத்துக்கே −0.028 ஆகும். குறிகளைக் கவனியுங்கள்: கார்பனும் சிலிக்கானும் இரும்போடு நெருங்கிப் பிணைந்து கந்தகத்தை வெளியே தள்ளுகின்றன, மாங்கனீசு அதைத் தன்பால் இழுத்து வைத்துக்கொள்கிறது. 0.495, 0.038, −0.008, −0.001 ஆகியவற்றைக் கூட்டினால் 0.524, அதன் எதிர்மடக்கை ஏறத்தாழ 3.3. எனவே 0.05 விழுக்காட்டுக் கந்தகம் 0.17 போல நடந்துகொள்கிறது.

இதே கணக்கைக் கார்பன் 0.05 விழுக்காடாகக் குறைந்த உருக்குக்கும் போட்டுப் பாருங்கள். கெழு 1-ஐ ஒட்டி நின்றுவிடும்; கசடுக்குள் செல்லும் முனைப்பும் அந்த அளவுக்குக் குறையும். ஆக்சிஜன் ஊதிக் கார்பனை எரிப்பதற்கு முன்பே, ஊதுலை இரும்பிலேயே கந்தகத்தை நீக்கிவிடும் வழக்கத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம். இந்தக் கணக்கைத் தம் கையால் ஒருமுறை போடாத மாணவர் அந்த வரிசையை மனப்பாடம்தான் செய்வார் என்பது என் உறுதியான கருத்து.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. நேர்கோட்டுக் கூட்டல் நீர்த்த கரைசலுக்கே துல்லியமானது; 4.5 விழுக்காட்டுக் கார்பனுக்கு இரண்டாம் படி உறுப்புகளையும் சேர்க்க வேண்டும். ஊதுலை இரும்பின் வெப்பநிலையும் 1600 பாகைக்குக் குறைவு. ஆகவே மேலே வந்த விடையைத் தோராயமாகவே கொள்ளுங்கள்.

அடுத்த பயிற்சியாகத் துருப்பிடிக்காத உருக்கை எடுங்கள். கார்பன்மீது குரோமியத்தின் கெழு −0.024, 18 விழுக்காட்டுக் குரோமியம் கார்பனின் வினைத்திறனை அரைப்பங்குக்கும் கீழே இறக்கிவிடும். வெறும் ஆக்சிஜனை ஊதினால் குரோமியமும் எரிந்து கசடாகும் என்பதால், ஆர்கானைக் கலந்து கார்பன் மோனாக்சைடின் பகுதி அழுத்தத்தைக் குறைக்கிறார்கள். காற்றழுத்தம் குறைந்த ஊட்டியில் தண்ணீர் 100 பாகையை எட்டும் முன்பே கொதிப்பதைப் போல, அழுத்தம் தாழ்ந்ததும் கார்பன் எளிதில் வாயுவாக வெளியேறுகிறது.