தளக் கான்கிரீட்: மணலுக்குள் இருக்கும் தண்ணீரைக் கணக்கில் எடுப்பது எப்படி

வீட்டுத் தளத்துக்கு எம்-20 தரக் கான்கிரீட் கலவை என்றால் ஒரு பங்கு சிமென்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு முக்கால் இன்ச் ஜல்லி. ஐ.எஸ். 456 (கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை) படி இதில் தண்ணீர், சிமென்ட் எடையில் 0.55 பங்கைத் தாண்டக் கூடாது. 50 கிலோ மூட்டைக்கு 27.5 லிட்டர். (கடலோரத்துக்கு எம்-20 போதாது, அங்கே வேறு கணக்கு.)

இந்தக் கணக்கு காய்ந்த மணலுக்குப் போட்டது. சைட்டில் கிடப்பதோ ஈர மணல். ஈரம் மணலை உப்ப வைக்கும். 25 சதவீதம் உப்பிய மணலை ஒன்றரைப் பங்கு அளந்து போட்டால், உள்ளே போவது 1.2 பங்குதான். மணல் குறைந்த கலவை ஜல்லி ஜல்லியாக நிற்கும், கம்பிக்கு நடுவே இறங்காது. கொத்தனாரின் கை அதை உடனே கண்டுபிடித்துவிடும். அவர் கண்டது சரி. ஆனால் அதற்கு மருந்தாக ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவதுதான் தவறு. பலம் அங்கேதான் போகிறது.

முதலில் பாண்டு சட்டியை விட்டுவிட்டு அளவுப் பெட்டிக்கு மாறுங்கள். உள்ளளவு 35 செ.மீ. நீளம், 25 அகலம், 40 உயரம் இருந்தால் 35 லிட்டர் பிடிக்கும். ஒரு மூட்டை சிமென்டின் கொள்ளளவும் அதுதான்.

அடுத்து மணல் சோதனை. குவியலின் நடுவிலிருந்து எடுத்த மணலை, அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் 200 மி.லி. வரை அழுத்தாமல் நிரப்புங்கள். அதை வேறு பாத்திரத்தில் கொட்டிவிட்டு, குவளையில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, மணலைத் திரும்பப் போட்டுக் கிளறுங்கள். படிந்த மணல் 160-இல் நின்றால் உப்பல் 25 சதவீதம். அப்படியானால் ஒரு முழுப் பெட்டியும், அடுத்த பெட்டியில் 35 செ.மீ. உயரமும் மணல் போட வேண்டும். காய்ந்த மணலுக்கு இரண்டாவது பெட்டியில் 20 செ.மீ. போதும். ஜல்லி எப்போதும் மூன்று பெட்டி.

இனி தண்ணீர். மூட்டைக்குச் சேரும் மணல் ஏறக்குறைய 80 கிலோ. அதில் 5 சதவீதம் ஈரம் இருந்தால் 4 லிட்டர் தண்ணீர் ஏற்கெனவே மிக்ஸருக்குள் போய்விட்டது. நாம் ஊற்ற வேண்டியது 23.5 லிட்டர் மட்டும். இதைக் கழிக்காமல் 27.5 ஊற்றினால் தண்ணீர்-சிமென்ட் விகிதம் 0.55-க்குப் பதில் 0.63 ஆகிவிடும். ஈரத்தை அறிய, ஒரு கிலோ மணலை வாணலியில் வறுத்து ஆறியபின் நிறுத்துப் பாருங்கள். குறைந்த எடையைக் காய்ந்த எடையால் வகுத்தால் ஈர விகிதம் கிடைக்கும்.

நாள் முழுக்க வறுத்துக்கொண்டிருக்க முடியாது. இங்கே அனுபவமுள்ள கைதான் வேண்டும். காலையில் சோதித்த மணலைக் கையில் பிடித்துப் பார்க்கும்படி கொத்தனாரிடம் சொல்லுங்கள். உருண்டை பிடிக்கும் விதம், உள்ளங்கையில் ஒட்டும் ஈரம் இரண்டையும் அவர் நினைவில் வைத்துக்கொள்வார். குவியலின் அடிமணலுக்கு வந்ததும், மழைத் தூறலுக்குப் பிறகும் மாற்றத்தை முதலில் சொல்வது அவர்தான். அவர் சொன்னதும் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். தண்ணீரில் முழுக்க ஊறிய மணல் உப்பாது என்பதையும் மறக்க வேண்டாம்.

எல்லாம் சரியாக இருந்தும் நெருக்கமான கம்பிக்குள் கலவை இறங்கவில்லை என்றால், பிளாஸ்டிசைசர் (தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக வைக்கும் மருந்து) டப்பாவில் உள்ள அளவுப்படி சேருங்கள். அது இல்லையென்றால் தண்ணீரோடு சிமென்டும் சேர வேண்டும்: ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 1.8 கிலோ. வைப்ரேட்டரை ஓரிடத்தில் குமிழி வருவது நிற்கும்வரை பிடித்து, மெதுவாக உருவுங்கள். சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகை அடைப்பு) சந்து வழியே சிமென்ட் பால் ஒழுகினால் உடனே அடையுங்கள்.

பி.பி.சி. (சாம்பல் போன்ற போசோலானா கலந்த) சிமென்ட் என்றால், போட்ட தளத்தின் மேல் பாத்தி கட்டி குறைந்தது 10 நாள் தண்ணீரைத் தேக்கி வையுங்கள்.