பிள்ளையின் சீனக் கையெழுத்தை மற்றவர்களால் படிக்க முடிகிறதா? வீட்டிலேயே பார்ப்பது எப்படி

மலேசியாவில் பிள்ளையைச் சீனப்பள்ளியில் சேர்த்திருக்கும் தமிழ்ப் பெற்றோர் நிறையப் பேர் இருக்கிறோம், அவர்களில் பலருக்குச் சீனம் படிக்கத் தெரியாது. நோட்டில் ஆசிரியர் சிவப்பு மையில் ஒரு வரி எழுதி அனுப்பினால் அந்த வரியைப் படிக்கவே ஆள் தேட வேண்டியிருக்கும், படித்துப் பார்த்தால் 'தெளிவாக எழுதவும்' என்று இருக்கும். நான் சீனப்பள்ளியில் படித்தவள், இப்போது மாலை நேரத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் வருகிற அம்மாக்கள் முதலில் கேட்பது, "டீச்சர், இவன் கையெழுத்து ரொம்ப மோசமா?" என்பதுதான். அந்தக் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அழகாக இருக்கிறதா, படிக்க முடிகிறதா, எழுதியது சரியான எழுத்துதானா. மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் ஒரே பக்கத்தைப் பத்துத் தடவை எழுதச் சொல்வதால் பிள்ளைக்குக் கை வலிப்பதுதான் மிச்சம். இங்கே நடுவில் உள்ளதை, அதாவது படிக்க முடிகிறதா என்பதை எப்படிச் சோதிப்பது என்று சொல்கிறேன். இதில் பெரும்பகுதியைச் சீனம் தெரியாமலே செய்யலாம்.

முதலில் எந்தப் பக்கத்தை எடுப்பது? சொல்வதெழுதுதல் நோட்டை எடுக்காதீர்கள். அதில் நினைவுத் தடுமாற்றமும் கைத் தடுமாற்றமும் கலந்து கிடக்கும். பாடநூலில் பிள்ளை ஏற்கெனவே படித்து முடித்த ஒரு பத்தியைக் கொடுத்து, பார்த்து எழுதச் சொல்லுங்கள், 50 எழுத்து போதும். வழக்கமான பென்சில், வழக்கமான கட்டம் போட்ட நோட்டு. "அழகா எழுது" என்றும் சொல்லாதீர்கள், "சீக்கிரம்" என்றும் சொல்லாதீர்கள், எப்போதும் எழுதுவது போல எழுதட்டும். தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் மட்டும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதே பத்தியில் ஒரு 20 எழுத்தைக் கட்டமில்லாத வெள்ளைத் தாளிலும் எழுத வையுங்கள். இது எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

இப்போது ஓர் அட்டையில் நோட்டின் ஒரு கட்டம் அளவுக்கு ஓட்டை வெட்டுங்கள். சீனம் தெரிந்த ஒருவரை, பக்கத்து வீட்டு ஆன்ட்டியோ இடைநிலைப்பள்ளியில் படிக்கிற அண்ணனோ, கூப்பிட்டு உட்கார வைத்து, அட்டையைக் கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்தை நோக்கி நகர்த்துங்கள். ஏன் பின்னாலிருந்து என்றால், வாக்கியமாகப் படிக்கும்போது கண் தானாகவே தவறைத் திருத்திக்கொள்ளும், கிறுக்கலாக இருந்தாலும் முன்னும் பின்னும் உள்ள சொல்லை வைத்து ஊகித்துவிடுவார்கள். வகுப்பாசிரியரைக் கேட்க வேண்டாம், தினமும் பார்த்து அந்தக் கைக்குப் பழகியவர் அவர். "இது இந்த எழுத்துதானே?" என்று எடுத்துக் கொடுக்கவும் கூடாது. சீனத்தில் ஒரே ஒலியில் பல எழுத்துகள் இருப்பதால் அவர் வாயால் சொன்னால் மட்டும் போதாது, படித்ததைத் தன் ஃபோனில் ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் அதைப் பாடநூல் அச்சோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம், அதற்குச் சீனம் தெரிய வேண்டியதில்லை.

ஒவ்வோர் எழுத்துக்கும் மூன்றில் ஒரு குறி போடுங்கள்: உடனே படித்தார், தயங்கிப் படித்தார், படிக்க முடியவில்லை அல்லது வேறொன்றாகப் படித்தார். எனக்கு அதிகம் உதவுவது நடுவில் உள்ள குறிதான். முழுக்கப் படிக்க முடியாதவை பொதுவாகக் கொஞ்சமாகவே இருக்கும். ஆனால் பத்து இடத்தில் தயங்குகிறார் என்றால், பிள்ளை வேகமாக எழுத வேண்டிய நான்காம் ஐந்தாம் ஆண்டில் அந்தப் பத்தும் படிக்க முடியாதவை ஆகிவிடும். சுமை கூடுவதையும் நினைத்துப் பாருங்கள். சீனாவின் பாடத்திட்டத்தையே எடுத்துக்கொண்டால், இரண்டாம் வகுப்பு முடியும்போது சுமார் 800 எழுத்து எழுதத் தெரிய வேண்டும், ஆறாம் வகுப்பு முடியும்போது சுமார் 2,500. இங்கே எண்ணிக்கை வேறாக இருந்தாலும் ஏறும் விதம் இதுதான்.

தயங்கிய எழுத்துகளை மட்டும் எடுத்து, ஏன் தயங்கினார் என்று பார்ப்பதுதான் அடுத்த வேலை. பெரும்பாலும் நான் பார்ப்பது கோட்டின் நீளம். 'மண்' என்ற எழுத்தில் இரண்டு கிடைக்கோடு, மேலே குட்டை, கீழே நீளம். அதைத் தலைகீழாக்கி மேலே நீளமாக இழுத்தால் 'அறிஞர், வீரர்' என்ற பொருள் தருகிற வேறோர் எழுத்து. 'இன்னும் இல்லை' என்ற எழுத்துக்கும் 'முடிவு' என்ற எழுத்துக்கும் இதே கதைதான். இரண்டு கோட்டையும் ஒரே நீளத்தில் போடுகிற பிள்ளை தப்பாக எழுதவில்லை, ஆனால் படிப்பவர் எதை எடுத்துக்கொள்வது? அடுத்து, கோடு எட்டிப் பார்க்கிறதா இல்லையா என்பது. 'மாடு' என்ற எழுத்தில் நடுக்கோடு மேலே தலைநீட்ட வேண்டும், நீட்டாவிட்டால் 'நண்பகல்'. மூன்றாவது புள்ளிகள். 'பறவை' என்ற எழுத்தில் கண் போல ஒரு புள்ளி உண்டு, அதை விட்டுவிட்டால் 'காகம்' ஆகிவிடும். கறுத்த உடம்பில் கண் தெரியாது என்பதால் புள்ளி இல்லை என்று பழைய விளக்கம் ஒன்று உண்டு, பிள்ளைகளுக்கு அதைச் சொன்னால் மறக்கவே மாட்டார்கள். இடப்பக்கம் மூன்று புள்ளி வந்தால் தண்ணீர் சம்பந்தப்பட்டது, இரண்டு வந்தால் பெரும்பாலும் குளிர், பனிக்கட்டி. அவசரத்தில் மூன்றும் ஒட்டிக்கொண்டு ஒரே கோடாகிவிட்டால் எதுவுமே தெரியாது.

இப்போது அந்த வெள்ளைத் தாளை எடுங்கள். சீன எழுத்துகள் பல இரண்டு மூன்று உறுப்புகள் சேர்ந்தவை. இடப்பக்கம் 'பெண்', வலப்பக்கம் 'மகன்' சேர்ந்தால் 'நல்லது'. 'சூரியன்' பக்கத்தில் 'நிலா' நின்றால் 'வெளிச்சம்'. கட்டம் இருக்கும்போது இவை தானாகவே ஒரே வீட்டுக்குள் இருந்துவிடும். கட்டத்தை எடுத்ததும் உறுப்புகள் விலகி 'நல்லது' என்பது 'பெண்', 'மகன்' என்று இரண்டு எழுத்தாகப் பிரிந்து நிற்கும். இதற்கு ஒரு சுலபமான பார்வை இருக்கிறது: எழுத்துக்குள் இருக்கும் இடைவெளி எப்போதும் இரண்டு எழுத்துகளுக்கு நடுவிலான இடைவெளியைவிடக் குறைவாக இருக்க வேண்டும். தாளைக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பாருங்கள், எத்தனை எழுத்து என்று எண்ண முடிகிறதா? உங்கள் எண்ணிக்கையும் பாடநூலின் எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும்.

தவறான எழுத்தா, மோசமான கையா என்று சந்தேகம் வந்தால் அதே எழுத்தை நான்கைந்து நாள், நாளுக்கு ஒரு தடவை எழுத வையுங்கள். ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் அதே கோடு விட்டுப்போனால் பிள்ளை அதை அப்படித்தான் கற்று வைத்திருக்கிறது, கற்பித்துத் திருத்த வேண்டும். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி கெட்டால் அது கை.

எழுதும் வரிசைக்கு இந்தச் சோதனையில் மதிப்பெண் குறைக்க மாட்டேன், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து கவனிப்பேன். 'வாய்' என்ற சதுர எழுத்துக்கு மூன்று கோடு: இடப்பக்கம் ஒன்று, மேலே போய் வலப்பக்கம் மடங்கி இறங்குவது ஒன்று, கடைசியாக அடிக்கோடு. என்னிடம் வரும் பிள்ளைகளில் சிலர் அதை ஒரே சுற்றில் வட்டமாக்கிவிடுவார்கள். ஒன்றாம் ஆண்டில் நிதானமாக எழுதும்போது பிரச்சினை தெரியாது. ஆனால் 'வாய்' எத்தனையோ எழுத்துகளுக்குள் குட்டியாக உட்கார்ந்திருக்கிறது, வேகம் கூடும்போது அந்த வட்டங்கள் எல்லாம் புள்ளியாகச் சுருங்கிவிடும்.

இன்னொன்றையும் தயவுசெய்து பாருங்கள். சீனப்பள்ளிப் பிள்ளை மலாயும் ஆங்கிலமும் எழுதுகிறது, அந்த நோட்டுகளையும் பக்கத்தில் வையுங்கள். அவை சுத்தமாக இருந்து சீனம் மட்டும் கலைந்திருந்தால் மேலே சொன்னவற்றில்தான் விடை இருக்கும். எல்லா நோட்டும் ஒரே மாதிரி, பென்சிலைத் தாள் கிழிய அழுத்துகிறது, 50 எழுத்து முடிப்பதற்குள் கையை உதறுகிறது, வகுப்பில் பலகையைப் பார்த்து எழுதி முடிக்கவே நேரம் போதவில்லை என்றால் திட்டாதீர்கள், ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் (எழுதுவது போன்ற அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தரும் சிகிச்சையாளர்) காட்டுங்கள். ஹாங்காங்கிலும் தைவானிலும் சீனக் கையெழுத்துச் சிரமத்துக்கு அவர்களிடம்தான் அழைத்துப் போகிறார்கள். சோம்பேறி என்று பெயர் வாங்கிய பிள்ளைகளில் சிலருக்கு உண்மையிலேயே விரல் வலித்தது என்பதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன், அது இன்றும் உறுத்துகிறது.

சரி, முடிவைப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? உடனே படித்த எழுத்துகளை முதலில் காட்டுங்கள். அப்புறம் தயங்கியவற்றில் ஒரே வகையை மட்டும் எடுங்கள், இந்த மாதம் கோட்டு நீளம் என்றால் கோட்டு நீளம் மட்டும்தான், புள்ளி அடுத்த மாதம். தாளின் மேல் தேதி போட்டுப் பத்திரமாக வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே பத்தி, அதே அட்டை, அதே ஆன்ட்டி. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பிள்ளையையே எண்ணச் சொல்லுங்கள்.