சட்டக் கல்லூரி விண்ணப்பம்: சான்றிதழ்க் கோப்பில் எதை வைப்பது, எதை எடுப்பது

சட்டம் படிக்க ஆசைப்படும் பிள்ளை இருக்கும் வீட்டில் புத்தகத்துக்கு முன்னால் சேர்வது கோப்பு. பரதநாட்டியம், சதுரங்கம், மாதிரி ஐ.நா. என்னும் மாணவர் விவாத மன்றம், எலியட்ஸ் கடற்கரையில் குப்பை பொறுக்கியது, மூன்று நாள் பயிற்சிப் பட்டறை என்று எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் உறை போட்ட சான்றிதழ்கள். அதைத் திறப்பதற்கு முன்பே நான் கேட்பது, எந்தக் கல்லூரிக்கு என்பதைத்தான். பல கல்லூரிகள் அந்தக் கோப்பைத் தொட்டுக்கூடப் பார்க்காது.

தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளியோ, புதுப்பாக்கம், பட்டறைப்பெரும்புதூர் அரசு சட்டக் கல்லூரிகளோ, ஐந்தாண்டுப் படிப்புக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணைப் பார்க்கும்; மூன்றாண்டுப் படிப்புக்குப் பட்டப்படிப்பு மதிப்பெண்ணைப் பார்க்கும். அதன்மேல் இட ஒதுக்கீடு. தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வும் அப்படித்தான்: இரண்டு மணி நேரம், 120 கேள்விகள், தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். தரவரிசை வந்துவிட்டால் நீங்கள் மாநில அளவில் நீச்சல் வீரர் என்பதை யாரும் கேட்கப் போவதில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பேச்சுப் போட்டிக்கு ஓடும் பிள்ளையை வீட்டில் உட்கார வைத்து, செய்தித்தாளும் மாதிரித் தேர்வும் கொடுங்கள். இந்த வகைக் கல்லூரி மட்டுமே உங்கள் குறி என்றால், மேற்கொண்டு படிக்காமல் தேர்வுக்குத் தயாராகலாம்.

மிச்சம் இருப்பவை கோப்பைப் பார்க்கிற கல்லூரிகள். அவற்றில் முதன்மையானவை அமெரிக்காவில் பட்டப்படிப்புக்குப் பிறகு படிக்கும் ஜே.டி. என்ற சட்டப் படிப்புக்கானவை. என் மகள் அதற்கு விண்ணப்பித்தபோது அவளோடு வரி வரியாக உட்கார்ந்து பார்த்தது பழக்கமாகிவிட்டது. இப்போது தம்பு செட்டித் தெருவில் என் வழக்கறிஞர் அறைக்கு மாலையில் கட்சிக்காரர்கள் போனபிறகு, ஜூனியர்களும் தெரிந்தவர்களின் பிள்ளைகளும் விண்ணப்பங்களைக் கொண்டு வருகிறார்கள். காசு வாங்குவதில்லை. அதனால் கசப்பாகவும் பேச முடிகிறது.

எண்ணைப் பற்றி முதலில் பேசிவிடுவோம். எல்சாட் என்கிற நுழைவுத் தேர்வுக்கு 120 முதல் 180 வரை மதிப்பெண். 2024 ஆகஸ்ட் முதல் அதிலிருந்து புதிர்ப் பகுதியை எடுத்துவிட்டார்கள். தர்க்கமும் வாசிப்பும்தான் மிச்சம். அமெரிக்க பார் அசோசியேஷனின் அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு கல்லூரியும் '509 அறிக்கை' என்ற பெயரில், தன்னிடம் சேர்ந்தவர்களின் எல்சாட் மதிப்பெண்ணையும் பட்டப்படிப்பு ஜி.பி.ஏ.வையும் (நான்குக்கு இத்தனை என்று கணக்கிடும் சராசரி மதிப்பெண்) ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். கீழ்க்கால் (கால்வாசிப் பேர் இதற்குக் கீழே), நடு, மேற்கால் (கால்வாசிப் பேர் இதற்கு மேலே) என மூன்று எண்கள் இருக்கும். நீங்கள் விரும்பும் கல்லூரியின் அறிக்கையை எடுத்து, உங்கள் மதிப்பெண் எந்த எண்ணுக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று பாருங்கள். முன்னணிக் கல்லூரிகள் பலவற்றில் நடு மதிப்பெண்ணே 170-ஐத் தாண்டுகிறது. 158 எடுத்துவிட்டு, விண்ணப்பத்தோடு தரும் உருக்கமான கட்டுரையை நம்பி அங்கே விண்ணப்பிப்பது விண்ணப்பக் கட்டணத்துக்குக் கேடு. ஒரே மாதிரி மதிப்பெண்ணோடு வரிசையில் நிற்பவர்களில் யாரை எடுப்பது என்ற இடத்தில்தான் பாடத்துக்கு வெளியே நீங்கள் செய்தவை பேசத் தொடங்கும்.

நம் ஊர்ப் பட்டதாரிகளுக்கு இதில் ஒரு தனிச் சங்கதி உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய 68 விழுக்காட்டை விண்ணப்பங்களைத் திரட்டும் எல்.எஸ்.ஏ.சி. அமைப்பு நான்குக்கு இத்தனை என்று மாற்றித் தருவதில்லை. 'மிகச் சிறப்பு', 'சராசரிக்கு மேல்', 'சராசரி' என்கிற மாதிரி ஒரு சொல் மதிப்பீட்டோடு நிறுத்திக்கொள்கிறது. கல்லூரி வெளியிடும் ஜி.பி.ஏ. கணக்கிலும் உங்கள் பட்டம் சேராது. ஆகவே நீங்கள் கொண்டு போகும் எண் எல்சாட் ஒன்றுதான். மற்றபடி உங்களை அறிய அவர்களுக்கு இருப்பவை உங்கள் ரெஸ்யூமேயும் கட்டுரையும் பரிந்துரைக் கடிதங்களும். அமெரிக்கப் பிள்ளையைவிட உங்களுக்கு அந்தத் தாள்கள் கூடுதலாகவே உழைக்க வேண்டியிருக்கிறது.

கோப்பைப் பிரித்து ஒவ்வொரு தாளையும் மேசையில் போட்டு மூன்று கேள்வி கேளுங்கள். எவ்வளவு காலம் செய்தீர்கள்? உங்கள் கையில் என்ன பொறுப்பு இருந்தது, அதாவது நீங்கள் வராத நாளில் எது நின்று போயிருக்கும்? அதைப் பார்த்த மூன்றாம் மனிதர் யாராவது உண்டா? மூன்றுக்கும் பதில் இல்லாத தாளை ஓரமாக வையுங்கள். பெரும்பாலான கோப்புகளில் நான்கைந்து தாள்கள்தான் தேறும். பணம் கட்டினால் 'இன்டர்ன்ஷிப்' சான்றிதழை மின்னஞ்சலில் அனுப்பி வைக்கும் இடங்கள் இப்போது பெருகிவிட்டன. அந்தத் தாள்கள் முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும்.

பல சமயம் தேறுவது கோப்பிலேயே இருக்காது. சௌகார்பேட்டைப் பக்கம் எவர்சில்வர் பாத்திர மொத்தக் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பையன் ஒருவன் வந்தான். (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.) மாதிரி ஐ.நா. சான்றிதழ்கள் வரிசையாக இருந்தன. ரெஸ்யூமேயின் கடைசி வரியில், 'குடும்பத் தொழிலில் உதவி' என்று மூன்றே சொல். என்ன உதவி என்று கேட்டேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபிறகு கடன் பேரேடு அவன் கைக்கு வந்திருக்கிறது. வெளியூர்ச் சில்லறைக் கடைக்காரர்களின் நிலுவை, ஜி.எஸ்.டி. கணக்கு, திரும்பி வந்த காசோலைகள் எல்லாம் அவன் பொறுப்பு. காசோலை திரும்பியதாக வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், நோட்டீஸ் கிடைத்த பிறகு பணம் கட்ட எதிராளிக்கு 15 நாள் உண்டு என்று மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவை ஒரு குமாஸ்தாவைப் போல ஒப்பித்தான். வங்கி மெமோவையும் தபால் ஒப்புகை அட்டையையும் அவன் ஒரே கிளிப்பில் கோத்து வைத்திருந்த அழகைப் பார்த்தால் என் ஜூனியர்கள் வெட்கப்பட வேண்டும்.

அந்த மூன்று சொல்லை இப்படி மாற்றினோம்: 'மொத்த வியாபாரக் கடையின் கடன் பேரேட்டுப் பொறுப்பு, மூன்று ஆண்டுகள், வாரம் 20 மணி நேரம். நாற்பது வாடிக்கைக் கடைகளின் நிலுவையைக் கண்காணித்தல். திரும்பிய காசோலைகளுக்குச் சட்டக் கெடுவைக் கணக்கிட்டு ஆவணங்களை வழக்கறிஞரிடம் ஒப்படைத்தல்.' இந்த வரி ரெஸ்யூமேயின் உச்சிக்குப் போனது. மாதிரி ஐ.நா. அடியில் ஒற்றை வரியானது.

அவன் கட்டுரையும் அங்கிருந்தே கிடைத்தது. தாத்தா காலத்து வாடிக்கைக்காரர் ஒருவரின் காசோலை திரும்பிவிட்டது. 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பினால் உறவு முறியும். அனுப்பாமல் பேசிக்கொண்டே இருந்தால், மறுபடி வங்கியில் போட்டுப் பார்க்கக் காசோலைக்கு உள்ள மூன்று மாத ஆயுளும் தீர்ந்துவிடும். நோட்டீஸ் வேண்டாம் என்றார் அப்பா. பையன் ரயிலேறி அந்தக் கடைக்கே போனான். அங்கே கண்டதையும் தான் எடுத்த முடிவையும் இரண்டு பக்கத்தில் எழுதினான். 'சிறு வயது முதலே நீதியின் மீது எனக்குத் தாகம்' என்று அவன் முதலில் எழுதி வந்த வாக்கியத்தை நான் பேனாவால் அடித்ததில் அவனுக்கு வருத்தம்தான். அந்த வாக்கியம் எல்லார் கட்டுரையிலும் இருக்கிறது. அந்த ரயில் பயணம் அவன் ஒருவனுக்கே உரியது.

நம் ஊர்ச் செயல்பாடுகளை அப்படியே பெயர் சொல்லி எழுதினால் அங்கே வாசிப்பவருக்குப் புரியாது. நாட்டு நலப்பணித் திட்டம் என்று மட்டும் எழுதாமல், ஆண்டுக்கு 120 மணி நேரப் பணி, ஏழு நாள் கிராம முகாம், அதில் நீங்கள் பார்த்த வேலை என்று எழுதுங்கள். பட்டிமன்றத்தில் பேசியவர்கள் அதைக் கூச்சத்தோடு மறைத்துவிட்டு ஆங்கில விவாத மேடையை மட்டும் காட்டுகிறார்கள். எனக்கு இது பிடிப்பதில்லை. நூற்றுக்கணக்கானோர் முன்னால், அணியின் வாதத்துக்குள் நின்று, எதிரணி சொன்னதை அந்த இடத்திலேயே மறுத்துப் பேசி, நடுவர் தீர்ப்புக்குக் காத்திருக்கும் கலை சட்டக் கல்லூரிக்குப் பொருந்தாமல் வேறு எதற்குப் பொருந்தும்? ஒரே வரி விளக்கத்தோடு தைரியமாகப் போடுங்கள். அரங்கேற்றம் செய்தவர்களுக்கு ஒரு சொல்: மயிலாப்பூரிலிருந்து வரும் கோப்புகளில் அரங்கேற்றம் இல்லாதது அபூர்வம். பத்தாண்டு விடாமல் கற்றதைக் குறிப்பிடுங்கள், போதும். ஆனால் அதன்பின் சிறு பிள்ளைகளுக்கு நீங்களே வகுப்பு நடத்தியிருந்தால், அதற்குத் தனி வரி கொடுங்கள்.

படிப்பு முடிந்து வேலை பார்த்த ஆண்டுகளை நம் வீடுகளில் வீணான காலமாகப் பார்க்கிறார்கள். 'இடைவெளி விழுந்துவிட்டதே' என்று என்னிடம் அழுத அம்மாக்கள் உண்டு. அமெரிக்க முன்னணிக் கல்லூரிகளில் சேர்பவர்களில் பெரும்பகுதியினர் கல்லூரி முடித்துக் குறைந்தது ஓராண்டாவது வெளியே இருந்துவிட்டு வருகிறவர்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் மென்பொருள் சோதனை வேலையாக இருந்தாலும் குறை இல்லை. வாடிக்கையாளர் ஒப்பந்தத்தில் ஒரு சொல் இரண்டு விதமாகப் பொருள்பட்டு உங்கள் குழு இரவெல்லாம் விழித்த கதை இருக்கிறதா? அதை எழுதுங்கள். மதிப்பெண் சுமாராக இருப்பவர்களுக்கு நான் சொல்வது, அவசரப்பட்டு இந்த ஆண்டே விண்ணப்பிக்காமல் ஓராண்டு வேலை பார்த்துக்கொண்டே எல்சாட்டை மறுபடி எழுதுங்கள் என்பதே.

துன்பத்தை எழுதுவது பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. ஆனால் இனம் தன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று விண்ணப்பதாரர் எழுதுவதைப் படிக்கக் கல்லூரிக்குத் தடை இல்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. அதன்பிறகு, வாழ்க்கை அனுபவத்தை நேரடியாகக் கேட்கும் கட்டுரைகள் பரவலாகியிருக்கின்றன. சாதி பற்றி எழுதலாமா என்று தயங்குகிறவர்களிடம் எழுதலாம் என்றே சொல்வேன். வாசிப்பவருக்கு அது என்னவென்று ஒரு வாக்கியத்தில் விளக்குங்கள். அடுத்த வாக்கியத்திலேயே நடந்த நிகழ்ச்சிக்கு வந்துவிடுங்கள். எழுத விரும்பாவிட்டால் எழுதவும் வேண்டாம். காயத்தைக் காட்டினால்தான் இடம் என்று எந்த விதியும் இல்லை.

பட்ட துன்பத்தை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வீட்டுக்குள் தண்ணீர் வந்ததைப் பற்றிப் பலர் எழுதி வந்தார்கள். எல்லாம் ஒரே கட்டுரை: இடுப்பளவு நீர், மின்சாரம் இல்லை, படகு வந்தது. முடிச்சூர்ப் பெண் ஒருத்தியின் கட்டுரையில் மட்டும் தண்ணீர் மூன்றே வரி. அரசு அறிவித்த 6,000 ரூபாய் நிவாரணத்துக்கு, அந்த முகவரியில் குடும்ப அட்டை இல்லாத வாடகைக் குடித்தனக்காரர்களுக்கு அவள் விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். வாடகை ஒப்பந்தம் இல்லாதவர் தான் அங்கேதான் குடியிருக்கிறார் என்பதை எதைக் காட்டி நிரூபிப்பது? எரிவாயு ரசீதா, பள்ளிக்கூட அடையாள அட்டையா? மீதிக் கட்டுரை முழுக்க அதுதான்.

பரிந்துரைக் கடிதம் பெரும்பாலும் இரண்டு கேட்பார்கள். சென்னையில் எல்லாருக்கும் ஓய்வுபெற்ற நீதிபதியோ ஐ.ஏ.எஸ். அதிகாரியோ தூரத்துச் சொந்தத்தில் இருக்கிறார். அவர் கடிதம் வேண்டாம். 'நல்ல குடும்பத்துப் பிள்ளை' என்பதற்கு மேல் அவரால் எழுத முடியாது. உங்கள் ஆய்வுக் கட்டுரையைத் திருத்தித் திருப்பித் தந்த உதவிப் பேராசிரியர் போதும். நீங்கள் எழுதியவற்றின் நகலையும் ரெஸ்யூமேயையும் அவரிடம் கொடுத்து, அவகாசம் விட்டுக் கேளுங்கள். 'நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்' என்பாரானால் நன்றி சொல்லிவிட்டு வேறொருவரைத் தேடுங்கள்.

மிகைப்படுத்தாதீர்கள். விண்ணப்பத்தில் நடத்தை பற்றிய கேள்விகள் உண்டு. கல்லூரியில் நடவடிக்கைக்கு உள்ளாகியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். படிப்பு முடிந்து அங்கே வழக்கறிஞராகப் பதிவு செய்யும்போது இதே தாளை மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள். ஹார்வர்ட், நார்த்வெஸ்டர்ன் போன்ற இடங்களில் நேர்காணலும் இருக்கிறது. எழுதிய ஒவ்வொரு வரியையும் குறுக்கு விசாரணையில் நிற்கும் சாட்சியைப் போல நீங்கள் காப்பாற்ற வேண்டும்.

பிரிட்டனுக்குப் போகிறவர்களுக்கு இவ்வளவு வேண்டாம். அங்கே பல பல்கலைக்கழகங்கள் எல்நாட் என்ற சட்ட நுழைவுத் தேர்வைக் கேட்கும்: 42 கேள்விகள், பிறகு ஒரு கட்டுரை. விளையாட்டையும் தொண்டையும்விட, பாடத்தை ஒட்டி நீங்களாக என்ன படித்தீர்கள், அதில் எதை ஏற்கவில்லை என்பதில்தான் அவர்களுக்கு அக்கறை.

அமெரிக்க விண்ணப்பங்கள் செப்டம்பர் வாக்கில் திறக்கும். பெரும்பாலான கல்லூரிகள் வந்த வரிசையில் முடிவு சொல்லிக்கொண்டே போவதால், நவம்பருக்குள் அனுப்பிவிடுவது நல்லது. அதற்கு முந்தைய கோடையிலேயே எல்சாட் கையில் இருக்க வேண்டும். திரும்பி வந்து நம் நீதிமன்றங்களில் வழக்காடும் எண்ணம் இருந்தால், அந்தப் பட்டத்தை இந்திய பார் கவுன்சில் அங்கீகரிக்கிறதா என்று முன்பணம் கட்டுவதற்கு முன்பே பாருங்கள். வெளிநாட்டுப் பட்டத்தோடு வருபவர்கள் இங்கே பதிவு செய்யத் தனியாக ஒரு தகுதித் தேர்வும் எழுத வேண்டியிருக்கும்.