மலைவீட்டுக்கு முதல் வெல்டிங் மெஷின்: வாங்கும் முன் பிளக் பாயிண்டை அளந்து பாருங்கள்

கேட், மாட்டுக்கொட்டகைக் கூரை, பாலிஹவுஸ் குழாய், வேலித் தூண். நீலகிரியில் வீடும் கொஞ்சம் தோட்டமும் இருந்தால் இரும்பு வேலைக்குப் பஞ்சமே இல்லை. சொந்தமாக ஒரு மெஷின் வாங்கக் கடைக்குப் போனால், 200 ஆம்பியர், 250 ஆம்பியர் என்று பெட்டிகளைக் காட்டுவார்கள். அந்த எண்ணை நம்பி வாங்காதீர்கள். உங்கள் வீட்டு லைன் எவ்வளவு தாங்கும், நீங்கள் எந்த ராட் (உருகி இரும்பை ஒட்டும் வெல்டிங் கம்பி) எரிக்கப் போகிறீர்கள் என்ற இரண்டும் தெரிந்தால் மெஷின் தானாக முடிவாகிவிடும்.

படி 1: ராடை முடிவு செய்யுங்கள்

வீட்டு வேலையில் வருவது பெரும்பாலும் 1.6 முதல் 3 மி.மீ. கனமுள்ள சதுரக் குழாய், ஆங்கிள், பட்டை. இதற்கு 6013 ரக ராட் போதும். 2 மி.மீ. ராடுக்கு 40 முதல் 60 ஆம்பியர், 2.5 மி.மீ.க்கு 60 முதல் 90, 3.15 மி.மீ.க்கு 90 முதல் 130. தொடக்கத்தில் உங்கள் கையில் இருக்கப் போவது 2.5தான். ஆக, உண்மையாகவே 140 ஆம்பியர் தரும் மெஷின் தாராளம்.

படி 2: பிளக் பாயிண்டை அளங்கள்

மலையில் இதுதான் முக்கியமான படி. கம்பத்திலிருந்து வீடு தள்ளியிருக்கும், ஒயர் நீளமாக ஓடும், மாலையில் ஊரே கீசரைப் போடும். இரவு 7 மணிக்கு மல்டிமீட்டரை 16 ஆம்பியர் பாயிண்டில் வைத்து வோல்டேஜைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே லைனில் 2,000 வாட் ஹீட்டரைப் போட்டு மறுபடி பாருங்கள். 10 வோல்டுக்கு மேல் இறங்கினால் பழுது மெஷினில் வரப் போவதில்லை, ஒயரிங்கில் ஏற்கெனவே இருக்கிறது. முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

75 ஆம்பியரில் வெல்டிங் செய்யும்போது சாதாரண இன்வெர்ட்டர் மெஷின் (எலக்ட்ரானிக் வகை வெல்டிங் மெஷின், வீட்டு பேட்டரி இன்வெர்ட்டர் அல்ல) 230 வோல்டில் சுமார் 13 ஆம்பியர் இழுக்கும். வோல்டேஜ் 180க்கு இறங்கினால் அதே வேலைக்கு 17 ஆம்பியர் இழுக்கும். லோ வோல்டேஜில் மெஷின் குறைவாக இழுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர் எதிர். பிளக் கருகுவது இதனால்தான். மெயின் போர்டிலிருந்து தனியாக 4 சதுர மி.மீ. செம்பு ஒயர், சி ரக எம்சிபி, சரியான எர்த் மூன்றையும் எலக்ட்ரீஷியனை வைத்துப் போட்டுவிடுங்கள். 1.5 சதுர மி.மீ. எக்ஸ்டென்ஷன் ஒயரை 30 மீட்டர் இழுத்தால், 17 ஆம்பியரில் அதிலேயே 12 வோல்ட் போய்விடும். சுருட்டி வைத்தபடி ஓட்டினால் ஒயர் உருகும்.

ஜெனரேட்டரில் ஓட்டுவதாக இருந்தால் உயரத்தையும் கணக்கில் சேருங்கள். ஒவ்வொரு 300 மீட்டருக்கும் எஞ்சின் சுமார் 3 சதவீத வலுவை இழக்கும். 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும்.

படி 3: வகை

ஒற்றை ஃபேஸ் இன்வெர்ட்டர் ஆர்க் மெஷின் வாங்குங்கள். 5 முதல் 8 கிலோதான் இருக்கும். தோளில் மாட்டிக்கொண்டு படி இறங்கலாம். பழைய டிரான்ஸ்பார்மர் மெஷின் உழைக்கும், ஆனால் தூக்க இரண்டு ஆள் வேண்டும், வீட்டு லைன் தாங்காது. கேஸ் வைத்து ஓட்டும் மிக் மெஷின் திறந்தவெளிக்கு ஆகாது. மலைக்காற்று கேஸை அடித்துக்கொண்டு போகும், ஒட்டில் பொத்தல் பொத்தலாக விழும்.

படி 4: தகட்டைப் படியுங்கள்

மெஷினின் பின்னாலோ அடியிலோ ஒரு தகடு இருக்கும். 200 ஆம்பியர் ஆர்க்குக்கு (ராட் நுனியில் எரியும் மின்சுடர்) 28 வோல்ட் வேண்டும். அதாவது 5,600 வாட் வெளியே வர வேண்டும். மெஷினில் சூடாக வீணாவதையும் சேர்த்தால், 230 வோல்டில் உள்ளே 28 ஆம்பியருக்குக் குறையாமல் போக வேண்டும். சாதாரண மெஷினில் 40ஐத் தாண்டும். தகட்டில் உள்ளே போவது 20 என்றும் வெளியே வருவது 200 என்றும் போட்டிருந்தால் கணக்கு உதைக்கிறது, வைத்துவிட்டு வாருங்கள்.

'எக்ஸ்' என்ற கட்டத்தில் 60% என்றிருந்தால், அதற்கு நேரே எழுதியுள்ள ஆம்பியரில் 10 நிமிடத்துக்கு 6 நிமிடம் ஓட்டலாம். புதிதாகப் பழகுபவர் ஒட்டின் மேல் படியும் கசடைத் தட்டி, அடுத்த ராட் மாட்டுவதற்குள் மெஷின் ஆறிவிடும், அதனால் இது போதும். பொதுவாக இந்த அளவுகள் 1,000 மீட்டர் உயரம் வரைக்கும்தான் உறுதி. குன்னூர், ஊட்டியில் காற்று லேசு என்பதால் ஃபேன் குறைந்த சூட்டைத்தான் வெளியேற்றும். குளிர் அதை ஓரளவு ஈடுகட்டும். காற்றுத் துளைகளை மட்டும் எதையும் வைத்து மூடாதீர்கள்.

வி.ஆர்.டி. வசதி உள்ள மெஷின் கிடைத்தால் கூடுதல் காசு கொடுத்தாவது வாங்குங்கள். வெல்டிங் நடக்காதபோது ராடைப் பிடிக்கும் ஹோல்டரில் 60, 70 வோல்ட் நிற்கும். ஈரக் கையுறை, நனைந்த தரை என்றால் அது ஆபத்து. வி.ஆர்.டி. அதை வெகுவாகக் குறைத்துவிடும். அப்போதும் காய்ந்த பலகை மேல் நின்றே வேலை செய்யுங்கள்.

படி 5: கடையில் ஓட்டிப் பாருங்கள்

உங்கள் குழாய்த் துண்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். 75 ஆம்பியரில் 2.5 ராட் இரண்டை முழுதாக எரியுங்கள். பிறகு 45க்கு இறக்கி 2 மி.மீ. ராடில் பாருங்கள். குறைந்த ஆம்பியரில் ஆர்க் அணைந்து அணைந்து போனால் மெல்லிய குழாய் வேலைக்கு அது உதவாது. மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ சர்வீஸ் இருக்கிறதா என்று கேட்டு, பில்லோடு வாங்குங்கள்.

படி 6: கூடவே வாங்க வேண்டியவை

10ஆம் நம்பர் கருப்புக் கண்ணாடி உள்ள ஹெல்மெட், தோல் கையுறை, கசடு தட்டும் சுத்தியல், கம்பி பிரஷ், கிரைண்டர். உடை பருத்தியாக இருக்கட்டும். இங்கே எல்லோரும் போடும் நைலான் ஜாக்கெட்டும் அக்ரிலிக் ஸ்வெட்டரும் பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஜிஐ குழாய் என்றால் ஒட்டும் இடத்தில் துத்தநாகப் பூச்சைக் கிரைண்டரில் எடுத்துவிடுங்கள். அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் இரவில் காய்ச்சலும் நடுக்கமும் வரும். உறைபனியில் காய்ந்த புல் பக்கத்தில் இருந்தால் ஒரு வாளி தண்ணீரையும் தயாராக வையுங்கள்.

படி 7: ஈரம்

மூடுபனியில் திறந்து கிடந்த ராட் படபடவென்று வெடிக்கும், பூச்சு உதிரும், ஒட்டிக்கொள்ளும். பழகுபவர் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துவிடுவார். பாக்கெட்டைப் பிரித்ததும் இறுக்கமான மூடியுள்ள டப்பாவுக்கு மாற்றுங்கள். ஈரமாகிவிட்டால் 100 முதல் 120 டிகிரியில் ஒரு மணி நேரம் காய வைத்தால் 6013 பெரும்பாலும் தேறிவிடும். குளிர்ந்த கொட்டகையிலிருந்து மெஷினைக் கதகதப்பான அறைக்குள் கொண்டுவந்தால் உள்ளே போர்டில் பனித்துளி கோக்கும். ஒரு மணி நேரம் அப்படியே வைத்துவிட்டு, அதன் பிறகு சுவிட்சைப் போடுங்கள்.