பழைய தானியங்கி சலவை இயந்திரம்: மீட்டெடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டு உபயோகத்துக்கான தானியங்கி சலவை இயந்திரத்தை அமெரிக்காவில் பெண்டிக்ஸ் நிறுவனம் 1937இல் மக்களுக்கு இயக்கிக் காட்டியது. பத்து ஆண்டுகள் கழித்து, மேல்மூடி திறந்து துணி போடும் இயந்திரங்கள் சந்தைக்கு வந்தன. சியர்ஸ் கடைகளில் கென்மோர் என்ற பெயரில் 1947இல் விற்பனைக்கு வந்த இயந்திரத்தை வேர்ல்பூல் நிறுவனத்தின் முன்னோடி தயாரித்தது. அதன் அடிப்படை அமைப்பு சிறு சிறு மாற்றங்களோடு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் உற்பத்தியில் நீடித்தது. அயோவா மாநிலத்தின் நியூட்டன் நகரில் மேடேக் தயாரித்த இயந்திரங்களும் அதே போல நீண்ட ஆயுள் கொண்டவை. அமெரிக்க வீடுகளின் நிலவறைகளிலும், வீட்டைக் காலி செய்வோர் நடத்தும் விற்பனைகளிலும் இவை இன்னும் கிடைக்கின்றன. வாங்கித் துடைத்து மீண்டும் ஓட வைப்பதில் ஆர்வம் கொண்டவர்களும் இருக்கிறார்கள்.

பல ஆண்டுகள் ஒரு குடும்பத்தின் துணி அத்தனையையும் துவைத்துவிட்டுச் சும்மா நின்ற இயந்திரம், ஆசையோடு வாங்கி வந்தவரின் கையில் ஒரே மாலையில் பாழாவதை நான் பார்த்திருக்கிறேன். காரணம் எப்போதும் அவசரம்தான். ஓடுகிறதா என்று உடனே பார்த்துவிட வேண்டும் என்ற தவிப்பு, இத்தனை காலம் தாங்கிய பொருளை முறித்துவிடுகிறது.

வாங்கும்போதும் தூக்கி வரும்போதும்

அழகைப் பார்த்து வாங்குவதே முதல் தவறு. ஜெனரல் மோட்டார்ஸ் கையில் இருந்த காலத்தில் ஃப்ரிஜிடேர் செய்த இயந்திரங்கள் பார்க்க அத்தனை அழகு. ஆனால் 1979இல் அந்தப் பிரிவு கைமாறியபோது அந்த வடிவமைப்பும் நின்றுபோனது. அதன் கியர் பெட்டிக்கு இன்று உதிரிபாகம் தேடுவது பெரும் பாடு. முதன்முதலாக இந்த வேலையில் இறங்குபவர் லட்சக்கணக்கில் விற்ற இயந்திரத்தையே எடுக்க வேண்டும். பெல்ட்டில் ஓடும் பழைய வேர்ல்பூல், கென்மோர் அல்லது மேடேக் கிடைத்தால் பம்ப், பெல்ட், நீர் கசியாமல் அடைக்கும் சீல் போன்றவற்றை இன்றும் தேடி வாங்கிவிடலாம்.

வாங்கியதும் காரின் பின்புறத்தில் படுக்கப் போட்டுக் கொண்டுவருவது அடுத்த தவறு. கியர் பெட்டிக்குள் எண்ணெய் இருக்கிறது. படுக்க வைத்தால் அது கசிந்து பெல்ட்டிலும் பிரேக்கிலும் படியும். உள்ளே தொங்கும் தொட்டியும் ஆடி, அதைத் தாங்கும் ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிடும். தொட்டியைச் சுற்றிப் பழைய போர்வையைத் திணித்து, நிற்க வைத்தபடியே கட்டிக் கொண்டுவர வேண்டும்.

பிளக்கைச் செருகும் முன்

பத்து, இருபது ஆண்டுகள் ஓடாமல் நின்ற இயந்திரத்தில் பம்ப் இறுகிப் போயிருக்கும். அடியில் எலி கூடு கட்டி வயரைக் கடித்திருக்கும். இந்த நிலையில் மின்சாரம் கொடுத்தால் மோட்டார் சுழலாமல் உறுமும். அந்த உறுமலைக் கேட்டுக்கொண்டு நிற்பது பெரிய ஆபத்து. இந்த மோட்டாரில் இரண்டு சுற்றுக் கம்பிகள் உண்டு. அவற்றில் ஒன்று மோட்டாரைக் கிளப்பிவிட மட்டுமே பயன்படும். வேகம் பிடித்ததும் தானாக விலகிக்கொள்ளும். மோட்டார் சுழலாவிட்டால் அது விலகாது. சில நொடிகளிலேயே சூடேறிக் கருகத் தொடங்கும்.

ஆகவே முதலில் பிளக் இல்லாமல் வேலை செய்யுங்கள். பின்பக்கத் தகட்டைக் கழற்றிப் பெல்ட்டை எடுத்துவிட்டு, பம்பின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். பிறகு மோட்டாரின் சக்கரம், பிறகு கியர் பெட்டியின் சக்கரம். மூன்றும் தனித்தனியாகத் தடையில்லாமல் சுழல வேண்டும். எது இறுக்கமாக இருக்கிறதோ அங்கேதான் வேலை தொடங்குகிறது. எந்த வயரையும் கழற்றும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இயந்திரத்தின் உள்ளே ஒட்டியிருக்கும் மின்சுற்று வரைபடத்தைக் கிழியாமல் காப்பாற்றுங்கள். அதைப் போன்ற வழிகாட்டி வேறு கிடையாது.

எர்த் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். அந்தக் காலத்து இயந்திரங்கள் பலவற்றில் பிளக்கில் இரண்டு கால்களே இருக்கும். எர்த்துக்காகத் தனியாகப் பச்சை வயர் ஒன்று பின்புறம் நீண்டிருக்கும். அதைக் குளிர்ந்த நீர்க் குழாயில் கவ்வி மாட்ட வேண்டும் என்பது அன்றைய ஏற்பாடு. குழாய்கள் உலோகமாக மண்ணுக்குள் இறங்கிய நாட்களில் அது சரி. இன்று பல வீடுகளில் ஓடுவது பிளாஸ்டிக் குழாய். அதில் அந்த வயரைக் கட்டினால் எர்த் எங்கும் போகாது. இயந்திரத்தின் உடலில் மின்சாரம் கசிந்தால், ஈரத்தரையில் நிற்பவரின் உடல் வழியாகத்தான் இறங்கும். மூன்று கால் பிளக் கொண்ட புதிய வயரை மாற்றி, எர்த்தை உடலின் உலோகத்தோடு உறுதியாக இணைப்பதுதான் முதல் பழுதுவேலை. மின்கசிவைக் கண்டறிந்து துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச் அடிக்கடி விழுகிறது என்பதற்காக இயந்திரத்தைச் சாதாரண இணைப்புக்கு மாற்றுகிறவர்களும் உண்டு. உள்ளே எங்கோ காப்புறை போய்விட்டது என்றுதான் அந்தச் சுவிட்ச் சொல்கிறது. அதை வாயடைக்கக் கூடாது.

கழற்றும்போது சுத்தியல் வேண்டாம்

தொட்டியின் நடுவில் நின்று துணியைக் கலக்கும் அஜிடேட்டர், சோப்பும் உப்பும் படிந்து தண்டோடு ஒட்டிப்போயிருக்கும். இரண்டு பக்கமும் நெம்பி மேலே இழுப்பதும், வராவிட்டால் தட்டுவதும் பலரும் செய்வது. பழைய கறுப்பு அஜிடேட்டர்கள் பல, பேக்கலைட் என்ற கெட்டியான, ஆனால் எளிதில் உடையும் பழைய வகைப் பிளாஸ்டிக்கால் ஆனவை. ஓங்கி ஒரு தட்டு தட்டினால் விரிசல் விட்டுவிடும். அதற்குப் பதில் கொதிக்கும் தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றிக் கொஞ்ச நேரம் ஊற விடுங்கள். அஜிடேட்டர் விரிவடையும், படிந்த கசடும் இளகும். பிறகு துணி உலர்த்தும் கயிற்றை அதன் அடிவிளிம்பின் கீழே வளையமாகச் சுற்றி, இரண்டு கையாலும் நேர் மேலே சீராக இழுக்க வேண்டும். வராவிட்டால் மறுநாள் மீண்டும் வெந்நீர் ஊற்றுங்கள்.

உள்தொட்டியைப் பிடித்திருக்கும் பெரிய நட்டும் இப்படித்தான். சில இயந்திரங்களில் அதன் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருக்கும். கடிகார முள் போகும் திசையில் திருப்பினால்தான் கழலும். அது தெரியாமல் வழக்கமான திசையில் பலம் கொண்ட மட்டும் திருப்பினால் இன்னும் இறுகும். உங்கள் மாடலின் பழுதுபார்ப்புக் கையேட்டைத் தேடிப் படித்துவிட்டு, அதற்கான ஸ்பேனரோடு அருகே போங்கள்.

பெல்ட்டும் வயரும்: பொருத்தமில்லாத மாற்று

என் கருத்தில், இந்த இயந்திரங்களை நன்றாகப் புரிந்துகொண்டவரையும் புரியாதவரையும் பிரித்துக் காட்டும் இடம் இதுதான். தோற்றத்தில் ஒன்று போலிருக்கும் பாகத்தைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது பெரும் பிழை.

மேடேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மோட்டார் ஒரு திசையில் சுழன்றால் துவைக்கும். எதிர்த்திசையில் சுழன்றால் தண்ணீரை இறைத்துத் துணியைப் பிழியும். மோட்டாரை இறுக்கமாக போல்ட் போட்டு வைக்கவில்லை. ஸ்பிரிங்குகள் இழுத்துப் பிடித்த, நகரக்கூடிய ஒரு தட்டில் அது உட்கார்ந்திருக்கிறது. நீரோடு கனத்துப்போன தொட்டியைச் சுழற்றத் தொடங்கும்போது மோட்டார் உள்பக்கமாகச் சற்று நகர்ந்து கொடுக்கும். பெல்ட் கொஞ்சம் வழுக்கும். தொட்டி மெல்ல மெல்ல வேகம் பிடிக்கும். அதாவது பெல்ட் வழுக்குவது அங்கே குறையல்ல, கிளட்ச்சின் வேலையை அது செய்கிறது. இது தெரியாமல், பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று மோட்டாரை அசையாமல் இறுக்கிவிடுவார்கள். அல்லது வண்டி உதிரிபாகக் கடையில் அதே அளவுள்ள ரப்பர் பெல்ட்டை வாங்கிப் போடுவார்கள். அது வழுக்காமல் கவ்விப் பிடிக்கும். மோட்டார் திணறிச் சூடாகி நின்றுவிடும். அந்த இயந்திரத்துக்கென்றே செய்த பெல்ட் தேவை. மோட்டார் தட்டு நகரும் இடத்தைச் சுத்தம் செய்து கிரீஸ் இட வேண்டும்.

பெல்ட்டில் ஓடும் வேர்ல்பூல், கென்மோர் இயந்திரங்களில் வேறு ஓர் ஏற்பாடு. மோட்டார் ஒரே திசையில்தான் சுழலும். கியர் பெட்டியின் மேல் இரண்டு சிறிய மின்காந்தங்கள் கொண்ட ஒரு பாகம் இருக்கிறது. ஒன்று துவைப்பதற்கு, மற்றொன்று பிழிவதற்கு. மோட்டார் ஓடும் நேரமெல்லாம் அந்தப் பாகம் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே இருக்கும். அதற்கு மின்சாரம் கொண்டுபோகும் வயர்களும் கூடவே ஆடும். பல ஆண்டுகள் ஆடிய வயர் உள்ளே செம்பு இற்றுப்போய், வெளியே உறை மட்டும் முழுதாக இருக்கும். இயந்திரம் ஒருநாள் துணியைப் பிழியும், மறுநாள் பிழியாது. கண்ணால் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாததால் பலர் கியர் பெட்டியையே பிரித்துப் போட்டுவிடுகிறார்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை மாட்டி, வயரை விரலால் மெல்ல வளைத்துப் பாருங்கள். முள் தடுமாறினால் பழுது அங்கேதான். அதை மாற்றும்போது வீட்டு வயரிங்குக்கான கெட்டியான கம்பியைப் போடக் கூடாது, சீக்கிரமே முறியும். மெல்லிய இழைகள் நிறைந்த, வளைந்து கொடுக்கும் வயரை எடுத்து, ஆடுவதற்கு இடம் விட்டுத் தளர்வாக வளைத்துக் கட்ட வேண்டும்.

தொட்டியின் மையத்திலிருந்து நீர் சொட்டினால் சீல் போய்விட்டது என்று பொருள். பிழியும்போது விமானம் கிளம்புவது போன்ற இரைச்சல் கேட்டால், அந்த நீர் பேரிங் வரை இறங்கிவிட்டது. பேரிங்கை மட்டும் மாற்றிச் சீலை அப்படியே விடுவது வீண் செலவு. இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

துடைப்பதில் செய்யும் தவறுகள்

எனாமல் தொட்டியில் கறை கண்டதும் கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டை எடுக்கிறார்கள். அது எனாமலின் பளபளப்பை அரித்துவிடும். கம்பிப் பிரஷ்ஷும் கூடாது. பேனலில் அச்சிட்ட எழுத்துகள் தின்னர் பட்டால் அழிந்துபோகும். கண்ணாடிப் பேனலின் பின்புறம் பூசிய வண்ணம் தண்ணீரில் ஊறினால் உரியும். வெதுவெதுப்பான சோப்பு நீர், மென்மையான துணி, நிறையப் பொறுமை போதும். டைமர் திருகை எப்போதும் கடிகாரத் திசையிலேயே திருப்புங்கள்; பின்னோக்கித் திருப்பினால் உள்ளிருக்கும் தகடுகள் வளைந்துவிடும்.

ஓடத் தொடங்கிய பிறகு

முதல் சில சலவைகளின்போது இயந்திரத்தை விட்டு நகரக் கூடாது. தொட்டி நிறைந்ததும் தண்ணீரை நிறுத்துவது ஒரு மெல்லிய காற்றுக் குழாயை நம்பித்தான் நடக்கிறது. நீர் ஏற ஏறக் குழாய்க்குள் அடைபட்ட காற்றின் அழுத்தம் கூடி ஒரு சுவிட்சைத் தள்ளும். குழாயில் மயிரிழை விரிசல் இருந்தாலும் காற்று வெளியேறிவிடும், தண்ணீர் நிற்காமல் தரையில் வழியும். அந்தக் குழாயையும், தண்ணீர் வரும் பழைய ரப்பர் ஹோஸ்களையும் முன்கூட்டியே மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் துவைத்து முடித்ததும் தண்ணீர் வரும் குழாயைத் திருகி மூடிவிடுவது நல்ல வழக்கம்.

சோப்புத் தூளைக் கைக்கு வந்தபடி கொட்டுவது இன்னொரு தவறு. நுரை அதிகமானால் உள்தொட்டிக்கும் வெளித்தொட்டிக்கும் நடுவே புகுந்து பிரேக் போல இழுத்துப் பிடிக்கும், மோட்டார் திணறும். அதே நேரம், குறைந்த தண்ணீரில் துவைக்கும் இக்கால இயந்திரத்துக்கான அளவு இதற்குப் போதாது. இந்த இயந்திரம் ஒரு முழு சலவைக்கு 150 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் எடுத்துக்கொள்ளும். சாதாரணத் தூளை அளந்து போட்டு, நீரின் மேல் மெல்லிய நுரை நிற்கிறதா என்று பாருங்கள். துணியை அமுக்கித் திணிக்காதீர்கள். மேலே கிடக்கும் துணி தானே கீழே இறங்கி மறுபடி மேலே வர வேண்டும்.

மூடி திறந்திருந்தாலும் பிழியும் வேலையை நிறுத்தாத பழைய இயந்திரங்கள் இருக்கின்றன. மூடிச் சுவிட்ச் உள்ளவற்றிலும் அதை இணைப்பு மாற்றி ஓட்டுகிறார்கள், உள்ளே சுழல்வதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில். சுழலும் தொட்டியில் ஒரு துணியின் நுனி விரலைச் சுற்றினால் கையை இழுத்துக்கொள்ள நேரம் கிடைக்காது. குழந்தைகள் உள்ள வீட்டில் மூடிச் சுவிட்சை இப்படி மாற்றவே கூடாது. சில பழைய மூடிச் சுவிட்சுகளுக்குள் பாதரசம் இருக்கும் என்பதால் அவற்றை உடைத்தும் பார்க்க வேண்டாம்.

மீட்டெடுத்த இயந்திரத்தைக் காட்சிப்பொருளாக நிறுத்தி வைப்பதும் அதற்குக் கேடுதான். நீர் படாத சீல் காய்ந்து வெடிக்கும், பம்ப் மீண்டும் இறுகும். வாரம் ஒரு முறையாவது துணி போட்டு ஓட்டுங்கள்.

அமெரிக்காவிலிருந்து திரும்பும் நம்மவர்கள் சிலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: இதைக் கப்பலில் ஊருக்கு அனுப்பலாமா? மின்னழுத்தத்தை 230 வோல்ட்டிலிருந்து 120க்குக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினால் போதும் என்று நினைக்கிறார்கள். அது மின்னழுத்தத்தை மட்டுமே மாற்றும். அமெரிக்க மின்சாரத்தின் அலைவெண் 60 ஹெர்ட்ஸ், நம்முடையது 50; மோட்டாரின் வேகம் இந்த அலைவெண்ணைப் பொறுத்தது. நிமிடத்துக்கு 1725 சுற்று சுழல வேண்டிய மோட்டார் நம் ஊரில் 1425 அளவில்தான் சுழலும். டைமரும் மெதுவாக ஓடுவதால் 30 நிமிட சலவை 36 நிமிடம் ஆகும். மோட்டாரோ கூடுதல் மின்சாரம் இழுத்துச் சூடாகிக்கொண்டே இருக்கும். மோட்டாரையும் டைமரையும் 50 ஹெர்ட்ஸுக்கு ஏற்றபடி மாற்ற வழியில்லாவிட்டால், அனுப்பும் செலவில் இறங்காமல், அங்கேயே அதன் அருமை தெரிந்த ஒருவரிடம் கையேட்டோடும் உதிரிபாகங்களோடும் ஒப்படைத்துவிட்டு வாருங்கள்.