ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2: நிறக்கோளாறு சரியான கதை

1999இல் வந்த கம்ப்யூட்டர் கேம் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்றால் எனக்கு உயிர். அல்சூர் வீட்டில், விண்டோஸ் 7 லேப்டாப்பில் அதன் பழைய சிடியைப் போட்டால் புல்தரை சிவப்பும் தண்ணீர் ஊதாவுமாகத் தெரிந்தது. கிராபிக்ஸ் போயிருக்கும் என்றார் கடைக்காரர். அதில் கோளாறே இல்லை. அந்த கேம் 256 நிறங்களை வைத்துத்தான் மொத்தப் படத்தையும் வரைகிறது (அதற்குள் அவ்வளவு அழகு!). பின்னணியில் ஓடும் எக்ஸ்ப்ளோரர் (டெஸ்க்டாப்பையும் டாஸ்க்பாரையும் காட்டும் விண்டோஸ் புரோகிராம்) அந்த நிறப் பட்டியலில் கைவைத்துவிடுகிறது. டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்ப்ளோரரை நிறுத்திவிட்டு கேமைத் தொடங்கினேன், பச்சை பச்சையாகவே வந்தது.

ஒவ்வொரு முறையும் இப்படிச் செய்வது தொல்லை. அப்புறம் சிஎன்சி-டிடிரா என்ற இலவச மென்பொருளின் கோப்புகளை, கேமைத் தொடங்கும் இஎக்ஸ்இ கோப்பு இருக்கும் ஃபோல்டரிலேயே வைத்தேன். இப்போது எதையும் நிறுத்த வேண்டியதில்லை. காங்கரர்ஸ் என்ற இதன் கூடுதல் தொகுப்பை ஆடுபவர்கள் அந்த ஃபோல்டருக்கு உள்ளே இருக்கும் ஏஜ்2_எக்ஸ்1 ஃபோல்டரில் வையுங்கள்.