கண்ணாடிக் குடுவையில் ஹயசிந்த்: குளிர்க் கணக்கில்தான் எல்லாம்

ஹயசிந்த் என்றதும் குளத்தை அடைத்துக்கொள்ளும் ஆகாயத்தாமரை நினைவுக்கு வரலாம். ஆங்கிலத்தில் அதற்கும் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதால் வந்த குழப்பம் அது. இரண்டும் வேறு வேறு குடும்பம். இங்கே சொல்வது துருக்கி, சிரியா, லெபனான் பக்கத்திலிருந்து வந்த, வசந்தத்தில் பூக்கும் கிழங்குச் செடி. தாவரவியல் பெயர் ஹயசிந்தஸ் ஓரியன்டாலிஸ். பின்பாதிக்குக் 'கிழக்கத்திய' என்று பொருள். முன்பாதி அவ்வளவு எளிதல்ல. கிரேக்கப் புராணத்தில் ஹயகிந்தோஸ் என்பவன் ஸ்பார்ட்டா இளைஞன். அப்போலோ என்ற கடவுள் எறிந்த வட்டு பட்டு இறந்தான். அவன் ரத்தத்தில் முளைத்த பூவின் இதழில் 'ஐயோ' என்ற புலம்பல் எழுதியிருந்ததாம். இன்றைய ஹயசிந்த் இதழில் அப்படி ஒரு கீறலும் கிடையாது. கதையில் வரும் பூ வேறொன்றாகவே இருக்க வேண்டும். சொல்லும் கிரேக்கத்துக்கு முந்தைய ஏதோ ஒரு மொழியுடையது என்பதே மொழியியலாளர்களின் பொதுக் கருத்து.

இனி வளர்ப்பு. கிழங்கு பெரிதாக, கையில் கனமாக இருக்க வேண்டும். சுற்றளவு 17 செ.மீ.க்குக் குறையாதது நல்லது. அடிப்பகுதியை விரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று அமுங்கினால் அழுகல் தொடங்கிவிட்டது, வேண்டாம். தொடும்போது கையுறை அவசியம்: கிழங்கின் தோலில் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு, நன்றாக அரிக்கும்.

பூ உருவாகிக் கிழங்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அதன் தண்டு நீள்வதற்குத்தான் குளிர் வேண்டும்: 5 முதல் 9 டிகிரி செல்சியஸில் 10 முதல் 14 வாரம். வெளியே அந்தக் குளிர் இல்லையென்றால் காகிதப் பையில் போட்டு ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில் வைக்கலாம். பக்கத்தில் ஆப்பிள் போன்ற பழங்கள் கூடாது. அவை விடும் எத்திலீன் வாயு உள்ளே இருக்கும் பூமொட்டைக் கருக்கிவிடும். பையின் மேல் 'விஷம், சமையலுக்கு அல்ல' என்று பெரிதாக எழுதுங்கள். பார்ப்பதற்கு அச்சு அசல் வெங்காயம்தான்.

குடுவையில் வைப்பதானால் இடுப்பு ஒடுங்கிய கண்ணாடிக் குடுவை தேவை. கிழங்கு மேல் கிண்ணத்தில் உட்காரும். நீர்மட்டம் கிழங்கின் அடிக்கு 3 முதல் 5 மி.மீ. கீழே நிற்க வேண்டும், தொட்டால் அழுகும். ஈரப்பதமே வேரை இழுத்துவரும். அந்தக் குளிர் வாரங்கள் முழுவதும் குடுவையோடு இருட்டில் வைத்தால் வேர் நன்றாக இறங்கும். நீர் கலங்கினால் உடனே மாற்றுங்கள். உரம் எதுவும் வேண்டாம், கிழங்கிலேயே சாப்பாடு இருக்கிறது.

முளை 5 செ.மீ. உயர்ந்து, அதன் கழுத்தில் மொட்டுக்கொத்து புடைத்துத் தெரிந்த பிறகே வெளிச்சத்துக்கு எடுங்கள். பலர் அவசரப்படுவது இங்கேதான். சீக்கிரம் எடுத்தால் தண்டு எழாமல், இலைகளுக்கு நடுவே சிக்கியபடியே பூ விரியும். அப்படி ஆகத் தொடங்கினால் கெட்டித்தாளைக் கூம்பாகச் சுருட்டி, நுனியில் சிறு துளை விட்டு, சில நாள் கவிழ்த்து வையுங்கள்; வெளிச்சம் தேடித் தண்டு ஓரளவு நீளும். முதல் வாரம் 10 முதல் 15 டிகிரி இடம், பிறகு சாதாரண அறை. ஏறக்குறைய 3 வாரத்தில் பூக்கும். வெயில் ஒரு பக்கமே விழுந்தால் தண்டு சாயும், தினமும் குடுவையைக் கொஞ்சம் திருப்புங்கள். கொத்து கனத்துத் தலை கவிழ்ந்தால் மெல்லிய குச்சி ஒன்று முட்டுக்கொடுத்தால் போதும்.

நிலத்தில் என்றால் பனிக்காலத்துக்கு முன்பே, நீர் தேங்காத மண்ணில், 10 முதல் 15 செ.மீ. ஆழத்தில், அதே அளவு இடைவெளி விட்டு நடுங்கள். பூ முடிந்ததும் தண்டை மட்டும் வெட்டுங்கள். இலை தானாக மஞ்சளாகும்வரை கைவைக்காதீர்கள். அடுத்த வருடப் பூவுக்கான உணவை அதுதான் சேமிக்கிறது. எப்படியும் அடுத்தடுத்த வருடங்களில் கொத்து மெலிந்து, பூக்கள் இடைவிட்டு வரும். தண்ணீரில் பூத்த கிழங்கு சத்தெல்லாம் தீர்ந்து போனது; அதை மறுபடி குடுவையில் ஏற்றிப் பயனில்லை, தோட்டத்து மூலையில் நட்டுப் பார்க்கலாம், இல்லையென்றால் மக்குகுழிக்குப் போகட்டும்.